சாம்பல் தலை

நாலரைக்கே கடையை இறக்கிவிட்டேன்.
இருமல் மருந்து கேட்டு வந்தவரை
எதிர்ச்சாரிக்குக் கைகாட்டியாயிற்று.
மஞ்சக்குப்பம் முனையில்
வண்டியை அணைக்காமலே நின்றான் வில்பிரட்.
அவன் தோளில் தொலைநோக்கி,
என் மடியில் அதன் முக்காலி.

மூன்று நாளாய் நிற்கிறதாம் பாகூர் ஏரியில்.
கலிவரதன் சொன்ன அடையாளம்:
தெற்கு மதகு தாண்டி, தண்ணீர் பின்வாங்கிய சேற்றில்,
ஒற்றையாய்.
சாம்பல் தலை ஆள்காட்டி.
சீனத்தின் வடக்கிலிருந்து புறப்பட்டு
வங்காளத்தோடு நின்றுவிடுகிற சாதி.
இது மட்டும் எங்கே நிற்பதென்று தெரியாமல்
கரும்பு லாரி போகும் ஊர்வரை வந்திருக்கிறது.

பனைகளின் நிழல் கரையைத் தாண்டி
வயலுக்குள் விழுந்து கிடந்தது.
குனிந்து நடந்தோம்,
மோட்டார் திருட வந்தவர்கள் போல.
பத்தடி போகவில்லை,
உள்ளூர் ஆள்காட்டி கண்டுகொண்டது.
அதற்கு வேலையும் அதுதான், பெயரும் அதுதான்.
ரெண்டு பேர், ரெண்டு பேர் என்று
ஏரி முழுக்கச் சொல்லியபடி
தலைக்குமேல் வட்டமடித்தது.
உள்ளான்கள் எழுந்து வேறு சேற்றுக்குப் போயின.
நத்தைகொத்தி நாரை ஒன்று மட்டும்
தாலுகா ஆபீஸ் முகத்தோடு
நகராமல் நின்றது.

கோரைக்குள் உட்கார்ந்தோம். கொசு.
கலிவரதன் வந்து குசுகுசுத்தான்:
அந்த உடைஞ்ச பானைக்கு இடதுபக்கம் பாருங்க,
காலையில அங்கதான்.
டியூஷன் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

பானையைப் பார்த்தேன்.
பானையின் இடதுபக்கத்தைப் பார்த்தேன்.
ஒரு மணி நேரத்தில்
அந்தப் பானை எனக்கு மனப்பாடம்:
கழுத்தில் ஒரு வெடிப்பு,
உள்ளே கொஞ்சம் ஆரஞ்சு நிறத் தண்ணீர்,
பிறகு அந்தத் தண்ணீரும் கறுத்தது.

அப்போதுதான் வாத்துக்காரர் வந்தார்.
அறுநூறு வாத்து,
பட்டிக்குத் திரும்பும் அவசரம்,
நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த சேற்றின் குறுக்கே.
மூக்குக்கண்ணாடியில் பூச்சி விழுந்திருந்தது,
சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.
வெள்ளை! இறக்கையில வெள்ளை! பார்டா பார்டா!
வில்பிரட் என் முழங்காலைப் பிடித்து உலுக்கினான்.
மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது
வாத்துகள் இருந்தன.
அறுநூறும் இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து,
எல்லாம் அடங்கிய பின்,
வடக்கே இருட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.
சீக் என்று. ஒரே ஒரு தடவை.
ரெண்டு பேர் என்று சொல்லவில்லை.
யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.
நம் ஊர்ச் சத்தம் இல்லை அது, அவ்வளவுதான் தெரியும்.
வில்பிரட் அப்போது
செல்போன் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தான்:
எண்ணிக்கை, ஒன்று.
உனக்கு? என்றான்.
கொசுவை அடித்தேன்.

முள்ளோடைக் கடைகளின் விளக்குகளைத் தாண்டி,
நிற்கத் தோன்றாமல் தாண்டி,
ஆல்பேட்டை சோதனைச்சாவடி.
ஞாயிறு ராத்திரி, புதுச்சேரிப் பக்கமிருந்து
ஒரே வண்டியில் ரெண்டு ஆம்பளை,
தோளில் நீளமாய் ஒரு பை.
காவலர் ஆள்காட்டி விரலை மடக்கி
ஓரம் வரச் சொன்னார்.
எத்தனை பாட்டில்?

முக்காலியை விரித்துப் பார்த்தார்.
தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தார்.
நோட்டைப் புரட்டினார்.
பறவை பார்க்கப் போனோம் சார்.
என்ன பறவை?
ஆள்காட்டி.
ஆக்காட்டியா?
எங்க குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில
முட்டை போட்டிருக்கு, தூங்கவிட மாட்டேங்குது,
அதுக்கா பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போனீங்க?

வில்பிரட் சாம்பல் தலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்,
மஞ்சள் கால், மார்பில் கறுப்புப் பட்டை.
அவர் அவனைப் பார்க்கவில்லை.
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
சரி, நீ பாத்தியா?

கேட்டேன், சார்.

யாரைக் கேட்டே?

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.